ஒவ்வோர் இரவும் பூக்கும் மரம்

கொடைக்கானலிலும் மூணாறிலும் நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டில் மலைப்பாதை முழுக்க வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030 என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். மலேசியாவில் அதே மரியாதை ரஃப்ளீசியாவுக்குக் கிடைக்கிறது. இலையில்லை, தண்டில்லை, ஒரு காட்டுக்கொடிக்குள் ஒட்டுண்ணியாக ஒளிந்து வாழ்கிறது. மாதக்கணக்கில் மொட்டாகவே இருந்துவிட்டு, விரிந்த ஒரு வாரத்துக்குள் அழுகிப்போகும் அந்தப் பூவைக் காணப் பேராக் காடுகளுக்குள் வழிகாட்டியோடு மணிக்கணக்கில் நடக்கிறார்கள். இரண்டும் வியக்கத்தக்க செடிகள்தாம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வியப்புக்குள் ஓர் அளவுகோல் ஒளிந்திருக்கிறது. ஒரு பூ எவ்வளவு அரிதாகக் கண்ணில் படுகிறதோ அவ்வளவுக்கு அது உயர்ந்தது என்பது அந்த அளவுகோல். இது தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஒரு காட்டுமலர் பூக்கும்போது யார் பசியாறுகிறார்கள், அது பூக்காமல் போனால் யார் பட்டினி கிடப்பார்கள் என்று கேட்டுத்தான் அதன் மதிப்பை அறிய வேண்டும். அப்படிக் கேட்டால், பினாங்கு மாநிலத்தின் தலையாய காட்டுமலரைத் தேடிக் கொடிமலை ஏற வேண்டியதில்லை. பத்து காவான் பக்கத்துக் கழிமுகச் சேற்றில் அது நின்றுகொண்டிருக்கிறது.

பத்து காவான் என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பினாங்குப் பாலம், அதன் பின்னால் வரிசையாக எழுந்த தொழிற்சாலைகள், புதிய குடியிருப்புகள், 2019இல் வந்த ஐக்கியா கடை. அதற்கு முன்னால் அது தோட்டப்புறம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் தென்பகுதி கரும்புக்குப் பேர்போனது. அந்தக் கரும்பை வெட்டியவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது. இந்த மாற்றங்கள் எல்லாம் நிலத்தின் மேட்டுப்பகுதியில் நடந்தவை. கடலும் ஆறும் சந்திக்கும் விளிம்பில், அலை ஏறி இறங்கும் சேற்றில், அலையாத்திக் காடு தன் போக்கில் நின்றது. பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து புலாவ் அமான் தீவுக்குப் போகிறவர்கள் அதன் ஓரத்தைப் பார்த்திருப்பார்கள். தெற்கே நிபோங் திபாலில் சுங்கை கிரியான் ஆற்றில் மின்மினி பார்க்கப் போகிறவர்கள் அதன் கிளைகளையே பார்த்திருப்பார்கள், இருட்டில். மின்மினிகள் கூட்டமாக அமர்ந்து ஒளிவிட விரும்பும் மரங்களில் முதன்மையானது மலாயில் பெரெம்பாங் எனப்படும் மரம். நம் நாயகன் அதுதான்.

தாவரவியலில் இதன் பேரினம் சொன்னெராட்டியா. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னெராட்டின் பெயரால் லின்னேயஸின் மகன் சூட்டியது. புதுச்சேரியில் நெடுங்காலம் பணியாற்றிய அதே சொன்னெராட்தான். தமிழக மலைக்காடுகளின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரிலும் அவர் இருக்கிறார். இந்தப் பேரினத்தில் கடல் முகத்தை எதிர்கொண்டு உப்புச் சேற்றில் நிற்பது பெரெபாட். நன்னீர் கலக்கும் ஆற்றோரமாக மேலேறி வளர்வது பெரெம்பாங். இரண்டுக்கும் மூச்சுவேர்கள் உண்டு. காற்றில்லாத சேற்றுக்குள் கிடக்கும் வேர்களுக்கு உயிர்வளி தருவதற்காக, கூம்பு கூம்பாகச் சேற்றைத் துளைத்துக்கொண்டு மேலே எழுந்து நிற்பவை. அலையாத்தியைப் பற்றிய பாடநூல்கள் இந்த வேர்களோடு நின்றுவிடுகின்றன. அலையாத்தி என்றால் வேர், வேர் என்றால் அலைத்தடுப்பு, அவ்வளவுதான். இந்த மரங்கள் பூக்கும் தாவரங்கள் என்பதையே நாம் மறந்துவிட்டோம்.

பெரெம்பாங் பூவைப் பகலில் தேடினால் கிடைப்பது பச்சை மொட்டும், நட்சத்திரத் தட்டில் உட்கார்ந்திருக்கும் புளிப்புக் காயும்தான். அந்தி சாயும்போது மொட்டு பிளக்கிறது. குறுகிய சிவப்பு இதழ்கள் சில இருக்கின்றன. அவற்றை யாரும் கவனிப்பதில்லை. கவனத்தைப் பிடிப்பவை நூற்றுக்கணக்கான மகரந்த இழைகள். அடியில் சிவந்து நுனியில் வெளுத்து, முகமாவு பூசும் பஞ்சு போல உள்ளங்கை அளவுக்கு விரிகின்றன. நடுவிலே புல்லிகள் சேர்ந்து ஆன கெட்டியான கிண்ணம். அதில் தேன் ஊறித் தேங்குகிறது. வாசம் இனிமையானதல்ல, புளித்த வாடை. இந்தத் தோற்றம், வாடை, நேரம், தேனின் அளவு எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு விருந்தாளியைச் சுட்டுகின்றன. பூச்சிக்கு இவ்வளவு தேன் தேவையில்லை. பறவை இரவில் வராது. பூவைத் தன் உடலால் அணைத்து, முகத்தை உள்ளே புதைத்து, மார்பு முழுக்க மகரந்தத்தைப் பூசிக்கொண்டு போகக்கூடிய விலங்கு வௌவால். விடிவதற்குள் இழைகள் கொட்டிவிடும். காலையில் படகில் போகிறவர் நீரில் மிதக்கும் இழைகளை மட்டுமே காண்பார். ஒரு பூவின் ஆயுள் ஓர் இரவு. ஆனால் மரம் மறுநாள் வேறு மொட்டுகளை விரிக்கிறது, அதற்கு மறுநாள் வேறு. ஒரே மரம் நின்றாலும் தோப்பாக நின்றாலும், ஆண்டின் பெரும்பகுதி இரவுகளில் எங்காவது ஒரு கிளையில் தேன்கிண்ணம் திறந்திருக்கும்.

இந்தப் பழக்கத்தைக் குறிஞ்சியின் பழக்கத்தோடு ஒப்பிட்டால் வாதம் தெளிவாகும். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகள் சேர்த்து வைத்ததை ஒரே பருவத்தில் கொட்டிவிட்டு மடிகிறது. மூங்கில்கள் சிலவும் அப்படித்தான். விதை தின்னும் பூச்சியும் எலியும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே நேரத்தில் விதைகளைப் பொழிந்தால் எஞ்சியவை பிழைக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மலாயக் காடுகளின் மெரந்தி மரங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, வறட்சிக்குப் பிறகு, காடு முழுக்கச் சேர்ந்து பூக்கின்றன. அவற்றில் ஒன்றான செராயா மரம், 1884இல் பினாங்குத் தாவரவியல் பூங்காவைத் தொடங்கிய சார்ல்ஸ் கர்டிஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்தச் செடிக்கும் மரத்துக்கும் இது நல்ல உத்தி. ஆனால் தேனை மட்டும் நம்பி வாழும் ஒரு விலங்கின் பக்கம் நின்று பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தால் எந்த உயிரும் வாழ முடியாது. விருந்து வரும் வரைக்கும் அந்த உயிரை யாரோ சோறு போட்டுக் காப்பாற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்பவை சிறிது சிறிதாக, இடைவிடாமல் பூக்கும் மரங்கள். கண்காட்சிப் பூக்களுக்கு மகரந்தம் சுமக்கும் விலங்கை ஆண்டு முழுக்க உயிரோடு வைத்திருப்பவை கண்ணில் படாத இந்தப் பூக்களே.

இது ஊகமல்ல. 1970களில் ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் தீபகற்ப மலேசியாவின் தேனுண்ணி வௌவால்களைப் பின்தொடர்ந்து, அவற்றின் எச்சத்திலும் உடலிலும் இருந்த மகரந்தத்தை நுண்ணோக்கியில் அடையாளம் கண்டார்கள். அவர்கள் பார்த்த வௌவால்களில் முக்கியமானது குகைத் தேன்வௌவால். அது வாழ்ந்த இடம் தமிழர் எல்லாருக்கும் தெரிந்தது: பத்துமலை. தைப்பூசத்தன்று 272 படிகளில் காவடி ஏறும் அதே சுண்ணாம்புக் குன்றின் குகைகளில் அந்த வௌவால்கள் பகலில் தொங்குகின்றன. இரவானதும் அவை பறந்து சென்ற இடங்களில் ஒன்று சிலாங்கூர்க் கடலோரத்துப் பெரெபாட், பெரெம்பாங் மரங்கள். 1976இல் வெளியான முடிவுகளின்படி அந்தத் தூரம் 38 கிலோமீட்டர் வரை இருந்தது. அறுபது கிராம் அளவே எடையுள்ள ஒரு விலங்கு, குகையைச் சுற்றித் தோட்டங்களும் காடும் இருந்தபோதும், ஓரிரவுப் பூவுக்காக அவ்வளவு தொலைவு போய்த் திரும்பியது என்றால், அந்தப் பூ அதற்கு எவ்வளவு நம்பகமான உணவாக இருந்திருக்க வேண்டும்.

அதே 1976இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுபட்மோவும் அவருடன் பணியாற்றிய ஈயோவும் டுரியானின் இனப்பெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். டுரியான் பூவின் கடிகாரம் பெரெம்பாங்கின் கடிகாரத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. மாலையில் விரிகிறது, இரவில் மகரந்தத்தை வெளியிடுகிறது, விடிவதற்குள் இதழையும் இழைகளையும் உதிர்க்கிறது. தேன் மிகுதி, வாடை கனம், பூக்கள் தடித்த கிளைகளில் கொத்தாகத் தொங்குவதால் வௌவால் பற்றிக்கொள்ள வசதி. பின்னாளில் தென் தாய்லாந்தில் நடந்த ஆய்வுகளும் குகைத் தேன்வௌவாலையே டுரியானின் தலைமை மகரந்தத் தூதுவன் என்று காட்டின. பல டுரியான் வகைகள் தம் சொந்த மகரந்தத்தைச் சரியாக ஏற்பதில்லை. வேறு மரத்திலிருந்து மகரந்தம் வந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். மரத்துக்கு மரம் பறக்கும் வௌவாலின் தேவை அதனால் இன்னும் கூடுகிறது. இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு டுரியான் மரம் ஒரு பருவத்தில் பூத்திருப்பது சில வாரங்கள். ஆண்டுக்கு இரண்டு பருவம் என்று வைத்தாலும் மீதி மாதங்களில் வௌவால் வாழ வேண்டும், குட்டி ஈன வேண்டும், பாலூட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே குட்டி ஈனும் விலங்கு அது. எண்ணிக்கை குறைந்தால் சட்டென்று மீளாது. அந்த மாதங்களுக்கு உணவளிக்கும் மரங்களில் பெரெம்பாங்கும் ஒன்று. டுரியான் விலையில் அதற்கு ஒரு காசும் பங்கில்லை.

பினாங்கு வரைபடத்தை இந்தக் கண்ணோட்டத்தோடு பார்த்தால் பத்து காவானின் இடம் விளங்கும். வடகிழக்கே புக்கிட் மெர்தாஜாம் அடிவாரத்து டுரியான் தோட்டங்கள் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. நீரிணையைத் தாண்டி, புகழ்பெற்ற பாலிக் புலாவ் தோட்டங்கள்கூட நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர்தான். பத்துமலை வௌவால்கள் கடந்த தூரத்தைவிட இவை குறைவு. ஆகவே கழிமுகத்து மரத்தையும் மலைத்தோட்டத்தையும் வெவ்வேறு உலகங்களாக நினைப்பதற்கு உயிரியல் இடம் தரவில்லை. நிலப்பதிவேட்டில் ஒன்று பயனற்ற சதுப்பு, மற்றொன்று விலைமதிப்புள்ள பழத்தோட்டம். இரவில் பறக்கும் விலங்குக்கு இரண்டும் ஒரே பரப்பு.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்றும் பத்துமலையிலிருந்தே வருகிறது. 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை அதே குகைகளுக்கு அடியில் வாரந்தோறும் வௌவால் எச்சம் சேகரித்து, அதிலிருந்த தாவர மரபணுவைப் படித்தார்கள்; முடிவு 2018இல் வெளிவந்தது. 55 தாவர இனங்கள் தெரியவந்தன. முக்கிய உணவாகத் தோன்றியவை பலா, வாழை, துவாபங்கா என்ற காட்டுமரம். சாலையோர அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள்கூடப் பட்டியலில் இருந்தன. அப்படியானால் வௌவால் நகரத்திலேயே பிழைத்துக்கொள்கிறதே, கடற்கரைச் சேற்று மரத்துக்கு என்ன அவசியம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் விடை இது. அந்த ஆய்வு பெரெம்பாங்கின் தனியுரிமையை மறுக்கிறது. அதை நான் கோரவுமில்லை. ஆனால் அடிப்படைக் கருத்தை அது உறுதிப்படுத்துகிறது. வௌவாலைத் தாங்கியவை எவை என்று பாருங்கள். வாழை பருவம் பாராமல் தார் தள்ளுவது; ஒரு கன்று முடிந்தால் அடுத்த கன்று. துவாபங்காவோ சொன்னெராட்டியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதேபோல இரவில் மலர்வது. விருந்து வைக்கும் மரங்களல்ல, அன்றாடம் படியளக்கும் மரங்களே வௌவாலைக் காக்கின்றன என்பது அங்கேயும் உண்மையாக இருக்கிறது. பத்துமலையைச் சுற்றி வீட்டுக்கொல்லை வாழையும் பலாவும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. வாழை நட முடியாத உப்புச் சேற்றில் அந்த வேலைக்கு வேறு ஆளில்லை. மேலும் எல்லா வௌவாலும் நகரத்துக்கு மாறிக்கொள்ளாது. மக்ரோகுளோசஸ் மினிமஸ் என்ற சிறிய நீள்நாக்கு வௌவால் கடலோரத்தையே வீடாகக் கொண்டது. சொன்னெராட்டியாப் பூக்களோடு அதற்குள்ள உறவு மிக நெருக்கமானது. அந்த மரம் போனால் அதற்கு ஈடான மாற்று கிடைப்பது கடினம்.

வௌவால் இல்லாவிட்டால் தேனீ இருக்கிறதே என்றும் சொல்வார்கள். இதிலும் ஓரளவு உண்மை உண்டு. தாய்லாந்தில் 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, டுரியானின் காய்ப்பிடிப்பில் பூச்சிகளுக்கும், குறிப்பாக மலைத்தேனீக்கும், பங்குண்டு என்று காட்டியது. கையால் மகரந்தம் தடவியும் காய்க்க வைக்கலாம், தோட்டக்காரர்கள் செய்கிறார்கள். உயரமான மரத்தில் இரவு நேரத்தில் ஏணி வைத்து ஏறிப் பூப்பூவாகத் தூரிகையால் தடவுவதற்கு ஆகும் கூலியைக் கணக்கிட்டால், வௌவால் இலவசமாகச் செய்யும் வேலையின் மதிப்பு தெரியும். தேனீயைப் பொறுத்தவரை, மாற்று வழி என்று சொல்லப்படுவதும் அதே கழிமுகத்துக்குத்தான் திரும்பி வருகிறது. தேனீக்கும் ஆண்டு முழுக்கப் பூ வேண்டும். அலையாத்திக் காட்டில் ஆப்பி-ஆப்பி எனப்படும் கண்டல் மரத்தின் சிறிய மஞ்சள் பூக்கள் தேனீக்களுக்கானவை. சுந்தரவனத்துத் தேன் எடுப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றை அறிவார்கள். சதுப்பின் ஒவ்வொரு மரமும் வேறு வேறு விருந்தாளிக்கு, வேறு வேறு நேரத்தில் கதவு திறக்கிறது. புருகியேராப் பேரினத்தின் பெரிய சிவப்புப் பூவைப் பாருங்கள். அது பகலில் தேன்சிட்டுக்காகக் காத்திருப்பது. ஒவ்வோர் இதழும் இரண்டாக மடிந்து, முதிர்ந்த மகரந்தத் தாள்களை இழுத்துப் பிடித்த நிலையில் தனக்குள் அடக்கி வைத்திருக்கிறது. சிட்டு அலகை நுழைத்து இதழின் அடியைத் தொட்ட நொடியில் இதழ் வெடித்துத் திறக்க, மகரந்தம் பறவையின் முகத்தில் தெறிக்கிறது. அதே பேரினத்தில் சிறிய பூவுள்ள இனங்கள் பட்டாம்பூச்சியின் நாக்கு பட்டாலே வெடிக்கும் அளவுக்கு மென்மையானவை. இவ்வளவு நுட்பமான மலர்களைத் தாங்கிய காட்டை வேரை மட்டும் வைத்து விவரிப்பது பெரிய அநீதி.

அரிய இனங்களை முதலில் காப்பாற்றுவோம், பொதுவானவை பிறகு பார்க்கலாம் என்ற நிலைப்பாடு பாதுகாப்புத் துறையில் வேரூன்றியது. அதற்கு வலுவான காரணமும் உண்டு: அழிந்தது திரும்பாது. 2010இல் உலக அலையாத்தி இனங்கள் 70ஐ மதிப்பிட்டபோது, 11 இனங்கள் ஆபத்தில் இருப்பதாகக் கண்டார்கள். மிகக் கடும் ஆபத்து என்ற பிரிவில் இரண்டு மட்டும். ஒன்று சொன்னெராட்டியா கிரிஃபித்தி. பெரெம்பாங்கின் உடன்பிறப்பு, வங்கக் கடலின் கிழக்குக் கரையோரமும் தீபகற்பத்தின் மேற்குக் கரையோரமும் வளர்வது. மதராஸில் கம்பெனி மருத்துவராக வந்து இறங்கி, 1845இல் மலாக்காவில் இளம் வயதிலேயே இறந்த வில்லியம் கிரிஃபித்தின் பெயர் அதற்கு. மற்றொன்று புருகியேரா ஹைனேசி. உலகம் முழுவதிலும் முதிர்ந்த மரங்கள் 250க்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். அரிதைத் தேடுபவருக்கு இதைவிட அரிய மரம் கிடைக்காது. ஆனால் 2016இல் அதன் மரபணுவைப் படித்தபோது, அது சதுப்பில் சாதாரணமாகக் காணப்படும் இரண்டு புருகியேரா இனங்களின் கலப்பு என்று தெரியவந்தது. அதன் பெற்றோர் இருவரும் பூத்து, அவற்றின் மகரந்தம் கலக்கும் இடங்களில் அது மீண்டும் தோன்றக்கூடும். நேற்று வரை உலகின் மிக அரிய அலையாத்தி இனம் என்று போற்றப்பட்ட ஒன்று, வகைப்பாட்டியலில் ஒரு வரி மாறியதும் வேறு கணக்குக்குப் போய்விட்டது. அந்த மரம் மதிப்பிழந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அரிது என்ற அளவுகோல், நாம் எதை ஓரினம் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து ஆடும் அளவுகோல் என்றுதான் சொல்கிறேன். இந்த மரம் பூத்தால் இந்த விலங்கு பசியாறும் என்ற உறவோ, நாம் சூட்டும் பெயர் எதுவானாலும் மாறாது. சொன்னெராட்டியா கிரிஃபித்தியைக் காப்பதற்கும் இதுவே வழி. அதன் பூவைத் தேடி வரும் வௌவாலை மற்ற மாதங்களில் வாழ வைக்கப் பொதுவான பெரெம்பாங் வேண்டும். பொதுவானதை அழியவிட்டு அரியதைத் தனியே வேலியிட்டுக் காப்பது நடவாத காரியம்.

நடைமுறையில் இந்தத் தவறு எங்கே பெரிதாகத் தெரிகிறது என்றால், அலையாத்தி நடும் பணியில். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் மலேசியாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்குக்காரர்கள். அதன் பிறகு கடலோரத்தில் மரம் நடும் முயற்சி நாடெங்கும் வேகம் பிடித்தது. செபராங் பிறையில் அதற்கும் முன்பிருந்தே, 1990களின் இறுதியிலிருந்து, பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கம் அமைதியாக நட்டு வந்திருக்கிறது. நாசமான மீன்பிடிக் களத்தை மீட்க வேறு வழியில்லை என்று மீனவர்களே உணர்ந்து தொடங்கிய வேலை அது. இந்த நாட்டின் மிக மரியாதைக்குரிய மக்கள் முயற்சிகளில் அதையும் வைக்க வேண்டும். ஆனால் பொதுவாக நடும் விழாக்களில் கைகளில் இருப்பது பாக்காவ் நாற்றுதான், நம் சுரபுன்னை. காரணம் எளிது. பாக்காவின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முழ நீளக் குச்சியாகத் தொங்கும். பொறுக்கி எடுத்துச் சேற்றில் செருகினால் போதும். பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். பெரெம்பாங்கின் விதை சிறியது. கனியிலிருந்து எடுத்து நாற்றங்காலில் வளர்த்து, நன்னீர் கலக்கும் இடம் பார்த்து நட வேண்டும். பேராக்கின் மாத்தாங் காடு ஏறத்தாழ 40,000 எக்டர். நூறாண்டுக்கு மேலாகக் கரிக்காக முறைவைத்து வெட்டி, பாக்காவையே மீண்டும் மீண்டும் நட்டு வளர்க்கப்படுவது. முறையான காட்டு மேலாண்மைக்கு உலகம் காட்டும் எடுத்துக்காட்டு. பாக்காவ் அலையைத் தடுக்கிறது, மண்ணைப் பிடிக்கிறது, இறாலுக்கும் நண்டுக்கும் இடம் தருகிறது. இவை அனைத்தும் உண்மை, எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பூவுக்கு மகரந்தம் சுமப்பது பெரும்பாலும் காற்று. வௌவாலுக்கு அங்கே வேலையுமில்லை, உணவுமில்லை. வானிலிருந்து எடுத்த படத்தில் பச்சைப் பரப்பு மீண்டிருக்கும். எக்டர் கணக்கும் சரியாக இருக்கும். இரவில் அந்தப் பச்சையின் மீது பறக்கும் விலங்குக்கு அது வெறும் பாலைவனம்.

வௌவால் என்றதும் முகம் சுளிப்பவர்களையும் புறக்கணிக்க முடியாது. 1998, 99இல் நிப்பா வைரஸ் மலேசியாவில் 105 பேரின் உயிரைக் குடித்தது. வைரஸ் பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதருக்கும் பரவியது. அந்தத் துயரத்தை அனுபவித்த குடும்பங்களிடம் வௌவாலைப் போற்றச் சொல்வது எளிதல்ல. ஆனால் அன்று பாதை திறந்தது பன்றிப் பட்டிகளுக்கு மேலேயே பழமரங்களை வளர்த்ததால். விலங்கும் மனிதரும் வளர்ப்பு விலங்கும் ஒரே கூரைக்கு நெருங்கும்போதுதான் நோய் தாண்டுகிறது. வௌவாலுக்குக் கழிமுகத்திலேயே உணவு இருக்கும்படி பார்த்துக்கொள்வது அந்த நெருக்கத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்று. தோட்டக்காரர்களின் குறை வேறு: வௌவால் பூவைக் கடித்துப் பாழாக்குகிறது என்பார்கள். விடிகாலையில் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் டுரியான் இதழ்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தியோமான் தீவில் டுரியான் மரங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. அங்குள்ள தீவுப் பழந்தின்னி வௌவால்கள் பூவைச் சிதைக்காமல் தேனை நக்கிவிட்டுப் போவதையும், அவற்றின் வருகை காய்ப்பிடிப்பைக் கூட்டுவதையும் அது பதிவு செய்தது. விடிகாலையில் இதழ் கொட்டுவது பூவின் இயல்பு. குற்றவாளி என்று சுட்டுக் கொல்லப்பட்ட விலங்கு உண்மையில் கூலி வாங்காத வேலையாள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது, அது என் வாதத்தின் அடிமடியிலேயே கை வைக்கிறது. டுரியானுக்கு உதவுவதால் பெரெம்பாங் சிறந்தது என்றால், மனிதப் பயனைத்தானே அளவுகோலாக்குகிறோம்; அரிதை அளவுகோலாக்குவதைவிட அது எப்படி மேல்? டுரியானைச் சான்றாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். ஒரு மரத்துக்கும் விலங்குக்கும் உள்ள உறவு எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதைக் கண்டறிவது கடினம். காட்டுக்குள் ஒரு மரம் காய்க்காமல் போனால் கவனிக்க ஆளில்லை. தோட்டத்து டுரியான் காய்க்காவிட்டால் கவனிக்கிறார்கள், எண்ணுகிறார்கள், எழுதி வைக்கிறார்கள். அதனால் அங்கே உறவு கண்ணுக்குத் தெரிகிறது. அதே வௌவால் பெத்தாய் மரத்துக்கும், காட்டு டுரியான் இனங்களுக்கும், விலையே இல்லாத பல காட்டு மரங்களுக்கும் அதே இரவில் அதே வேலையைச் செய்கிறது. டுரியான் நாளைக்கே விலையிழந்து போனாலும் பெரெம்பாங்கின் மதிப்பு ஒரு கடுகளவும் குறையாது. யாரை வாழ வைக்கிறது என்பதே கேள்வி; அந்த ‘யார்’ மனிதராக இருக்க வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பத்து காவானில் இன்னும் கட்டடங்கள் வரும். வேலைவாய்ப்பு வேண்டும், வீடு வேண்டும், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கழிமுகத்தை ஒட்டிய நிலத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள், அங்கே எத்தனை எக்டர் அலையாத்தி இருக்கிறது என்று கேட்பதோடு நிற்காமல், அதில் எந்தெந்த மரம், எப்போது பூக்கிறது என்றும் கேட்க வேண்டும். ஆற்றின் நன்னீர் கடலைச் சந்திக்கும் ஓரத்தைக் கான்கிரீட் சுவரால் மூடினால், பாக்காவ் நட்டு ஈடுகட்ட முடியாத மரம்தான் முதலில் போகும். உங்கள் பள்ளியோ கோயில் குழுவோ நிறுவனமோ அடுத்த முறை செபராங் பிறைக் கரையில் நாற்று நடப் போகும்போது, ஏற்பாட்டாளர்களிடம் பாக்காவோடு பெரெம்பாங் நாற்றும் கேளுங்கள். இப்போதைக்கு இல்லை என்றால், கனி எடுத்து நாற்றங்கால் போடச் சொல்லுங்கள். நடும் இடத்தை உப்பு குறைந்த ஆற்றோரமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வேகமாக வளரும் மரம் அது. இன்று நடுகிற பிள்ளைகள் பெரியவர்களாவதற்குள் பூத்துவிடும்.